சேர்ந்து பசித்திருப்பது

திருகோணமலையில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டதை அறிய நாட்காட்டி தேவையில்லை. காலையில் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் போனால் பூவும் கற்பூரமும் வாங்க ஆட்கள் நிற்பார்கள். பல வீடுகளில் அன்று மச்சம் சமைக்கமாட்டார்கள். மதியம் பன்னிரண்டு தாண்டினால் கடைகள் பல பாதி சாத்திக் கிடக்கும். ஜும்மா முடிந்து கடைக்காரர் திரும்பும்வரை சாமான் வாங்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை. கந்தசஷ்டி நாட்களில் கந்தோரில் விரதக்காரர் முன்னால் ஒருவரும் பணிஸ் பையைப் பிரிப்பதில்லை. பிடிக்கிறவருடைய விரதத்தை ஊரும் கொஞ்சம் சேர்ந்து தூக்குகிறது.

கிறிஸ்தவர்களிலும் கத்தோலிக்க மக்களுக்கு இது ஓரளவு கைவந்திருக்கிறது. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை, இறைச்சி இல்லாத சாப்பாடு என்று எல்லோரும் அறிந்த ஓர் ஒழுங்கு அவர்களிடம் உண்டு. எங்களைப் போன்ற மெதடிஸ்த சபைகளில்தான் எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டது. உபவாசம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், யார் என்று தெரியாது. காலையில் வேதம் வாசிக்கிறவர்கள் வாசிக்கிறார்கள், இரண்டு மாதம் விட்டுப்போனால் ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும், ‘அது எனக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ள விஷயம்’ என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக இருக்கிறோம். மிச்ச ஆறு நாளும் அவரவர் பாடு.

இந்த ஏற்பாடு சரியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜெபம், உபவாசம், வேத தியானம், மௌனம், பாவ அறிக்கை, தர்மம் எல்லாமே முதலில் சபைக்குக் கொடுக்கப்பட்டவை. சபையிடமிருந்துதான் ஒவ்வொருவரும் அவற்றை வாங்கிக்கொள்கிறோம். சபை அவற்றைக் கைவிட்டுவிட்டுத் தனியாளிடம், ‘நீ வீட்டில் செய்துகொள்’ என்று சொன்னால், திடமான ஒரு சிலர் செய்வார்கள். மற்றவர்கள் குற்றவுணர்வோடு வாழ்வார்கள்.

‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்ற மத்தேயு 6ஆம் அதிகார வசனத்தை எடுத்துக் காட்டுவார்கள். எனக்கும் அந்த வசனம் பிரியமானது. வீதிச் சந்தியில் நின்று பிறர் காண ஜெபிக்கிற ஆசையைத்தான் இயேசு அங்கே கண்டிக்கிறார். அதைக் கேட்ட சீஷர்கள் ஆளுக்கொரு அறையைத் தேடிக்கொண்டு பிரிந்துபோகவில்லை. அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் ‘ஜெபவேளையாகிய ஒன்பதாம்மணி நேரத்திலே’ தேவாலயத்துக்குப் போகிறார்கள். எங்கள் மணிக்கூட்டில் அது பின்னேரம் மூன்று மணி. குறித்த நேரம், குறித்த இடம், கூட ஓர் ஆள். அந்தியோகியாவில் சபையாகக் கூடி உபவாசித்து ஜெபித்தபோதுதான் பர்னபாவும் சவுலும் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

வெளியாள் ஒருவர் சொன்ன சாட்சியும் இருக்கிறது. கி.பி. 112ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று பிடித்துக்கொண்டு வரப்படுகிறவர்களை என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. விசாரித்து அறிந்ததையும் எழுதுகிறார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல்லை மீறமாட்டோம் என்று சேர்ந்து உறுதி எடுக்கிறார்கள். பிறகு கலைந்துபோய்ச் சாப்பிடுவதற்கு மறுபடி கூடுகிறார்கள். அந்த மக்கள் எதை விசுவாசித்தார்கள் என்பதில் ஆளுநருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சேர்ந்து செய்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. இன்றைக்கு எங்களைப் பற்றி ஓர் அதிகாரி அறிக்கை எழுதினால் என்ன எழுதுவார் என்று நான் யோசிப்பதுண்டு. ஞாயிறு காலை ஒன்றரை மணித்தியாலம் கூடுகிறார்கள், வருடத்துக்கு ஒரு விற்பனை விழா நடத்துகிறார்கள் என்பதற்கு மேல் எழுத என்ன இருக்கும்?

எங்கள் சபை சின்னது. அதில் இந்தப் பேச்சு எழும்பியதற்கு 2020உம் ஒரு காரணம். கொரோனாவால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, வீட்டில் இருந்து ஜெபியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது. சிலரால் முடிந்தது, பலரால் முடியவில்லை. கதவு திறந்த பிறகு ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் போதகரிடம் வந்து, “ஐயா, சின்னப் பிள்ளையில இருந்து சபைக்கு வாறன். தனிய இருந்து எப்பிடி ஜெபிக்கிறது எண்டு எனக்கு ஒருத்தரும் பழக்கேல்லையே” என்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார். போதகரை அது நன்றாகச் சுட்டிருக்க வேண்டும், அடுத்த கூட்டங்களில் எல்லாம் அதையே கதைத்தார்.

அதற்குப் பிறகு 2022. பெற்றோல் இல்லை, ஓட்டோ இல்லை, தூரத்தில் இருந்தவர்கள் ஆலயத்துக்கு வரமுடியாமல் நின்றார்கள். நடந்துபோகக்கூடிய தூரத்தில் உள்ளவர்கள் ஏதாவது ஒரு வீட்டில் கூடினால் என்ன என்று தொடங்கியது. உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு, பாலையூற்றுப் பக்கம் ஒரு வீடு, பட்டணத்துக்குள் ஒன்று. கரண்ட் போகும், மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, இருந்தால் ஒரு பிளேன்ரீ குடித்துப் பிரிவார்கள். எரிபொருள் வந்த பிறகும் அந்த வீட்டுக் கூட்டங்களை விட மனம் வரவில்லை. அடுத்த லெந்து காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு, போதகர், “இதை ஒரு ஒழுங்காக்குவோம்” என்றார். உபவாசம், வேதம், மௌனம், ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுப்பது, எல்லாவற்றையும் சபையாகச் செய்வது. தனியாக யாரும் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. இப்போது நினைத்தால், அந்த ஒரு வார்த்தைதான் பலரை உள்ளே கொண்டுவந்தது.

நேரம் வைப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணி என்றார் ஒரு பெரியவர். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற தாய்மாருக்கு அது நடக்காது. இரவுக் கடலுக்குப் போனவர்கள் கரைக்கு வந்து வலையில் நிற்கிற நேரமும் அதுதான். இரவு ஏழரை என்றார்கள் வாலிபர்கள். இரவில் வீதி கடக்கப் பயப்படுகிற மூத்தவர்கள் தலையாட்டினார்கள், சம்மதமாக இல்லை. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற ஒரு தங்கச்சிக்கு வாரத்துக்கு வாரம் முறை மாறும். உயர்தரப் பிள்ளைகளுக்கு ரியூசன். நான் இதை விரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சேர்ந்து செய்கிற எந்த ஆவிக்குரிய பயிற்சியிலும் முதல் பயிற்சி இந்த நேரத் தகராறுதான். தனியாக ஜெபிக்கிறவருக்கு மற்றவருடைய வேலை முறை தெரிய வேண்டியதில்லை. சேர்ந்து ஜெபிக்க வேண்டுமென்றால் யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார், யாருக்கு இரவில் கண் தெரியாது, யார் வீட்டுக்கு வெளியே வர வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். அன்றைக்குத்தான் எங்களுக்கு அவை தெரியவந்தன.

கடைசியில் வெள்ளி பின்னேரம் ஐந்தரை, நாற்பது நிமிடம் என்று முடிவாகியது. வரமுடியாதவர் அந்த நேரத்தில் தான் இருக்கிற இடத்தில் அதே சங்கீதத்தை வாசிப்பார். தாதித் தங்கச்சி முறையில் நிற்கிற நாட்களில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வாய்க்குள் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அது போதும் என்று ஏற்றுக்கொண்டோம்.

உபவாசம் வியாழன் இரவுச் சாப்பாட்டோடு தொடங்கும். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லியும் அப்படித்தான், வியாழன் இரவிலிருந்து வெள்ளி பின்னேரம் மூன்று மணிவரை. தொடக்க கால மெதடிஸ்தர் புதனும் வெள்ளியும் உபவாசித்தார்கள், அதை அவர்கள் ஆதிச்சபையிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் வெள்ளி ஒன்றோடு நின்றோம், ஐந்தரைக் கூட்டம் முடியும்வரை. தண்ணீர் குடிக்கலாம். வெயிலில் வேலை செய்கிறவர்களும் கர்ப்பிணிகளும் பள்ளிப் பிள்ளைகளும் முழு உபவாசம் இருக்கக்கூடாது என்பதில் போதகர் கண்டிப்பாக இருந்தார்.

சீனி வருத்தம் உள்ளவர்கள்தான் பெரிய கேள்வியாக இருந்தார்கள். எங்கள் சபையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மருந்து எடுக்காதவர்களைத் தேட வேண்டியிருக்கும். பட்டினி கிடந்து மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? அவர்கள் வேளைக்குச் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமைக் கஞ்சியைக் காய்ச்சுவார்கள் என்று ஒரு அன்ரி தீர்ப்புச் சொன்னார். அவருக்கே சீனி இருக்கிறது. “நீங்கள் பசித்திருங்கோ, நான் அடுப்பைப் பாக்கிறன்” என்றார். உபவாசத்தில் அவருடைய பங்கு எங்களுடையதைவிடச் சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாலு மணிக்கே மண்டபத்துக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பச்சையரிசியும் வறுத்த பயறும் முதலில், பிறகு உள்ளி, கடைசியில் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல். ஐந்தரைக்கு நாங்கள் உள்ளே உட்காரும்போது அந்த மணம் யன்னல் வழியாக வரும். பகல் முழுக்கச் சாப்பிடாத ஒருவருக்குத் தேங்காய்ப்பால் கொதிக்கிற மணம் எவ்வளவு பெரிய சோதனை என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துக் கதிரையில் இருக்கிறவரின் வயிறு இரையும், உங்களுடையதும் இரையும். பசி அங்கே ஒளித்து வைக்கிற காரியமாக இருப்பதில்லை. அதே நேரம் யாரும் அதைக் காட்டிப் பெருமைப்படவும் வழியில்லை, எல்லோருக்கும் ஒரே பசி. அறைவீட்டு வசனம் எதைப் பாதுகாக்க விரும்பியதோ, அது கூட்டத்துக்குள்ளும் பாதுகாக்கப்படுகிறது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

விட்ட மதியச் சாப்பாட்டுக் காசு ஒரு பால்மா ரின்னுக்குள் போகும். எவ்வளவு போடுகிறார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் எண்ணி, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வர ஓட்டோவுக்குக் காசில்லாதவர்களுக்கும், பஸ்சுக்குப் பணமில்லாமல் பள்ளிக்கூடம் நிற்கிற பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். சபைக்காரரா என்று கேட்பதில்லை. ‘பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும்’ என்று ஏசாயா 58இல் ஆண்டவர் தமக்குப் பிரியமான உபவாசத்தை விவரிக்கிறார். இந்த ரின் இல்லாவிட்டால் எங்கள் உபவாசம் வெறும் பட்டினிதான் என்று நான் நினைக்கிறேன்.

2025இல் ரமழானும் லெந்து காலமும் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கின. சாம்பல் புதன் வந்தபோது பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் ஏற்கெனவே நோன்பில் இருந்தது. வழக்கமாகப் பள்ளிவாசல் கஞ்சியில் எங்களுக்கு ஒரு வாளி வரும். அந்த வருடம் வெள்ளிகளில் எங்கள் கஞ்சியும் வேலிக்கு மேலால் போனது. “நீங்களும் நோன்பா?” என்று அந்த வீட்டு மூத்த தாத்தா ஆச்சரியத்தோடு கேட்டார். எத்தனை வருடப் பழக்கம், ஆனால் நாங்களும் உபவாசிக்கிற சனம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. தெரிய வழியும் இருக்கவில்லை.

இனி வகுப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெதடிஸ்தர்களுக்கு இது புதிய சரக்கில்லை. 1742 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், கட்டிய கூடத்துக்கு இருந்த கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்றார் கப்டன் ஃபோய் என்பவர். பலர் ஏழைகள், அவர்களால் அதுவும் முடியாதே என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், இல்லாதவர்களுக்கு நான் போடுகிறேன் என்றார் ஃபோய். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். காசு சேர்க்க வீடு வீடாகப் போனவர்களுக்கு மனிதர்கள் வாழ்கிற நிலை தெரியவந்தது. யார் குடிக்கிறார், யார் மனைவியை அடிக்கிறார், யார் மனமுடைந்து கிடக்கிறார். கடன் அடைக்கத் தொடங்கிய ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறி, பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் மெதடிஸ்த இயக்கத்தின் முதுகெலும்பாகிவிட்டன. உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் 1814இல் காலியில் வந்து இறங்கியபோது இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். எங்கள் சபைகளில் வகுப்புத் தலைவர் என்ற பதவி இன்னும் இருக்கிறது. பல இடங்களில் அந்தப் பெயர் மட்டும் மிஞ்சி, அவர் சந்தா சேர்க்கிற ஆளாகிவிட்டார். 1742இல் காசிலிருந்து ஆத்துமாவுக்குப் போன பாதையில் நாங்கள் பின்னோக்கி நடந்திருக்கிறோம்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மூடி மறைக்கக்கூடாது. திருகோணமலை சின்ன ஊர். ஒரு கூட்டத்தில் சொன்ன ‘ஜெபக்குறிப்பு’ அடுத்த நாள் மீன் சந்தையில் கேட்கும். பல வருடங்களுக்கு முன்னால், வேறொரு ஜெபக்குழுவில், தன் மகளுடைய திருமண வாழ்க்கையைப் பற்றி அழுது சொன்ன ஒரு தாய்க்கு அப்படித்தான் நடந்தது. ஜெபிக்கச் சொல்லிச் சொல்லியே கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. அந்த அம்மா அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. இதை அருகில் இருந்து பார்த்தவள் என்பதால், வகுப்பு நடத்தச் சொல்லிக் கேட்டபோது நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது, கணவனிடம்கூட, போதகரிடம்கூட, சொன்னவர் அனுமதி தராமல். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். யாரையும் பேசச் சொல்லி நெருக்கக்கூடாது. ‘இந்த வாரம் சொல்ல ஒன்றுமில்லை’ என்பதும் முழுப் பதில். ஒருவர் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் உதவி தேடுவோம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதல் சில வாரங்கள் எல்லோரும் சுகம் என்றே சொன்னார்கள். பிள்ளைகளின் பரீட்சை, முழங்கால் வலி, கனடா விசா. பிறகு ஒரு நாள், பல வருடமாகப் பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்கிற ஓர் அக்கா, “எனக்கு ஜெபிக்கப் பிடிக்கிறதே இல்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சுற்றியிருந்தவர்களில் ஒருவரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. ‘நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்’ என்று யாக்கோபு எழுதியதை எத்தனை முறை வாசித்திருப்போம். அன்று இரவு அந்த அறையில் இருந்தவர்கள் அவருக்காக ஜெபித்தார்கள், அவர் ஜெபிக்காமல் இருந்தார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். தன்னால் முடியாத காலத்தில் ஒருவர் மற்றவர்களுடைய ஜெபத்துக்குள் இருக்கலாம் என்றால், தனி ஜெபம் தடுமாறுகிறவரைச் சபை எதற்காகக் குற்றவாளிபோலப் பார்க்க வேண்டும்?

சங்கீதங்களை நாங்கள் தெரிந்தெடுத்து வாசிப்பதில்லை. வெள்ளிக்கு இரண்டு, வரிசையாக. 150ஐயும் முடிக்க ஒன்றரை வருடம் ஆகும். பெனடிக்ட் துறவிகளுக்கு ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒழுங்கு ஒரே வாரத்தில் முடிக்கச் சொல்கிறது, எங்களுக்கு அந்த வேகம் கூடாது. வரிசையில் வாசிப்பதன் பலன் 88ஆம் சங்கீதம் வந்தபோது தெரிந்தது. முழுச் சங்கீதப் புத்தகத்திலும் ஆறுதல் இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. வீட்டில் தனியாக வாசிக்கிறவர்கள் 23க்கும் 91க்கும் 121க்கும் போவார்கள், 88க்கு ஒருவரும் போகமாட்டார்கள். எங்கள் வழக்கப்படி வசனத்துக்கு ஓர் ஆளாக மாறி மாறி வாசித்தோம். கடைசி வசனம், போரில் மகனைத் தொலைத்த ஓர் அம்மாவிடம் வந்து நின்றது. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. திட்டமிட்டு யாரும் அவரிடம் கொடுக்கவில்லை, கதிரை வரிசை அப்படி. ‘சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று குரல் நடுங்காமல், சத்தமாகவே வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். வழக்கமாக உடனே பாட்டு எடுக்கிறவர் அன்று எடுக்கவில்லை.

அந்த வாரம் என் வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருந்தது. என் மனநிலைக்கு ஏற்ற சங்கீதத்தை நான் தேடியிருந்தால் ஒரு துதிச் சங்கீதம்தான் கிடைத்திருக்கும். அந்த அம்மாவுடைய சங்கீதத்தை வாசிக்கும்படி சபை என்னை உட்கார வைத்தது. நாலைந்து மாதம் கழித்து 126 வந்தபோது, ‘கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்’ என்பதை அவர் எங்களோடு சேர்ந்து வாசித்தார். எங்கள் சந்தோஷத்துக்காக வாசித்தாரா, தன் நம்பிக்கைக்காக வாசித்தாரா என்று நான் கேட்கவில்லை.

மௌனம்தான் எங்களுக்கு எல்லாவற்றிலும் கடினம். தமிழ்ச் சபைகளுக்குப் பாடத் தெரியும், சத்தமாக ஜெபிக்கத் தெரியும். பத்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாது. முதல் மாதம் ஒருவர் இருமுவார், இன்னொருவர் ‘ஸ்தோத்திரம்’ என்று மெல்லச் சொல்வார், கைப்பைக்குள் ஃபோன் அதிரும். கூரை விசிறி கடகடக்கும். ஒரு நாள் வளவுக்குள் மான் வந்துவிட்டது. திருகோணமலைக்காரருக்கு இது அதிசயமில்லை, பிரெட்றிக் கோட்டை முதல் பஸ் நிலையம்வரை புள்ளிமான்கள் ஆடு மாடுபோலத் திரிகிற ஊர் இது. வாசல்படிக்குக் கீழே விழுந்து கிடந்த வேப்பங்கொழுந்தை அது கறுக் கறுக்கென்று மெல்லுகிற சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. ஒரு சின்னப் பிள்ளை எழும்பிப் பார்க்கப் போனது, தாய் தடுக்கவில்லை. பிள்ளை கதவோரத்தில் நின்றது, மானும் நின்றது. சபை ஒன்றாக ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் இருந்த முதல் பத்து நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு மௌனத்துக்கு யாரும் அவ்வளவு பயப்படவில்லை.

இதற்கெல்லாம் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கத்தோலிக்கப் பழக்கத்தைக் கொண்டுவருகிறீர்கள் என்றார்கள் சிலர். கத்தோலிக்கர் செய்வதால் ஒரு நல்ல காரியம் கெட்டதாகிவிடுமா என்று கேட்டுவிட்டு அதை விட்டுவிடலாம். இன்னொரு எதிர்ப்பு கனமானது. இது சட்டமாகிவிடும், கிருபையால் இரட்சிக்கப்பட்டவர்கள் கணக்கு வைத்துப் பசித்திருக்கத் தேவையில்லை என்று ஒரு மூத்த பிரசங்கியார் சொன்னார். அவர் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளி வராதவர்களை ஒரு மாதிரிப் பார்க்கிற பார்வை எங்களிடமும் தலைகாட்டியது. வருகை எழுதலாம் என்று யாரோ சொன்னபோது போதகர் மறுத்துவிட்டார், அது மிகச் சரி. ஆனாலும் அந்தப் பிரசங்கியாருக்கு நான் சொன்னது இதுதான். ஐயா, தனியாகச் செய்கிறவனுக்குத்தான் சட்டம் சீக்கிரம் பாரமாகிறது. விட்டால் தோல்வி, செய்தால் பெருமை, இரண்டுக்கும் அவனே நீதிபதி. சேர்ந்து செய்கிறபோது நான் விடுகிற வாரத்தில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது, நான் திரும்பி வருகிறபோது எனக்கு ஒரு கதிரை இருக்கிறது. கிருபை என்று நாங்கள் பிரசங்கத்தில் கேட்கிறதை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டியது வேறொன்றும் இல்லை. அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார், வந்து கஞ்சியும் குடிக்கிறார்.

வருடத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உடன்படிக்கை ஆராதனை. 1755இல் இலண்டனில் வெஸ்லி முதலில் நடத்தியபோது சுமார் 1,800 பேர் எழுந்து நின்றார்கள். என்னை வேலையில் வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும், நிறைவாக்கினாலும் வெறுமையாக்கினாலும் நான் உம்முடையவன் என்கிற அந்த ஜெபம், ஒரு தனி மனிதர் சொல்வதற்கு மிகவும் பெரியது. எல்லோரும் சேர்ந்துதான் அதைச் சொல்லத் துணியலாம். கடந்த ஜனவரியில் அதைச் சொல்லும்போது எனக்கு இரண்டு பக்கத்திலும் நின்றவர்களில் ஒருவருக்கு வேலை போயிருந்தது, மற்றவருடைய மகள் ஊரைவிட்டுப் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். இரண்டும் எனக்கு முன்பே தெரியும், வகுப்பில் கேட்டது. தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பது வேறு மாதிரி இருந்தது.

இன்னும் தீராத ஒரு விஷயம் கடற்கரைப் பக்கக் குடும்பங்கள். வெள்ளி ஐந்தரை அவர்களுக்கு ஒத்துவரவே இல்லை. லெந்து வருகிற மாதங்களில்தான் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து இந்தப் பக்கத்துக் கடல் அடங்கி இருக்கும், தொழில் நடக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு ஆண்கள் படகைத் தள்ளுகிறார்கள், பெண்கள் அவர்களை அனுப்பிவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். இருக்கிற இடத்தில் சங்கீதத்தை வாசியுங்கள் என்று சொன்னது தாதித் தங்கச்சிக்குப் பொருந்தியது, இவர்களுக்குப் பொருந்தவில்லை. அவர்கள் ஒரு முழுக் குழு, தனியாள் இல்லை. அவர்கள் இல்லாமல் நாங்கள் சபையாகப் பசித்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. வருகிற லெந்தில் மாதத்துக்கு இரண்டு வெள்ளிகளில் காலை பத்து மணிக்கு, வலை உலர்த்துகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வீட்டில் கூடுவது என்று சபைப் பொறுப்பாளர்களான உக்கிராணக்காரர் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. பட்டணத்தில் கந்தோருக்குப் போகிறவர்களால் அப்போது வரமுடியாது, அவர்கள் தங்கள் மேசையில் இருந்து சங்கீதத்தை வாசிக்கட்டும். கஞ்சிப் பானையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அன்ரி சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும்.